மாப்பிள்ளைக்கு ஆறரை மார்க்

போன சனிக்கிழமை காலை. அடுப்பில் இட்லிச் சட்டி. கைப்பேசி அலறுகிறது. எடுத்தால்... சம்பந்தி.

இன்னும் சம்பந்தி ஆகவில்லை, ஆகப் போகிறவர். தம்பின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் இருக்கும் சரோஜாக்கா. அவருடைய ஒரே மகன் தினேஷுக்கும் என் ஒரே மகள் யாமினிக்கும் இன்னும் மூன்று வாரத்தில் பரிசம். வழக்கமாக அவர் கூப்பிட்டால் முதல் ஐந்து நிமிடம் "பசியாறிட்டீங்களா, அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்கு" என்றுதான் போகும். அன்றைக்கு என் வீட்டுக்காரரின் முட்டியை யாரும் விசாரிக்கவில்லை.

"டீச்சர், ஒங்க பொண்ணு என் மவனுக்கு ஆறரை மார்க் போட்டிருக்கா. பத்துக்கு ஆறரை! ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பெண் பார்க்க வந்து மாப்பிள்ளை வீட்டார் மார்க் போடுவார்கள், பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு யார் போடுவார்கள்?

"எதுக்கு மார்க், சரோஜாக்கா?"

"அவன் செஞ்ச கேமுக்குத்தான்! நாலு வருசமா ஒக்காந்து செஞ்சானே, அந்தக் கேமுக்கு! ஊரே பாராட்டுது. கட்டிக்கப் போறவ ஆறரை போடுறா. யாரோ வீடியோவுல அந்த எடத்த மட்டும் வெட்டி, கோயில் வாட்சப் குரூப்புல போட்டுட்டான். 'கட்டிக்கப் போற பொண்ணே ஆறரைதான்'னு எழுதி, கீழ சிரிக்கிற பொம்மை வேற. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்குப் போறது?"

"அக்கா, கொஞ்சம் பொறுங்க..."

"பொறுக்கல்லாம் முடியாது லா. நாளைக்கு வர்றோம். மார்க்க மாத்துறாளா இல்லையான்னு பாத்துட்டுத்தான் பரிசம் உண்டா இல்லையான்னு சொல்லுவேன்."

வைத்துவிட்டார். இட்லிச் சட்டியில் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. எந்தக் காலத்தில் இருக்கிறோம் பாருங்கள். பவுன் போதவில்லை என்று பரிசம் நின்றது கேள்விப்பட்டிருக்கிறேன். பல்லி கத்தியது என்று நின்றதும் தெரியும். வீடியோ கேம் மார்க்கால் ஒரு பரிசம் நிற்கப் போகிறது என்றால் அது என் வீட்டில்தான் நடக்க வேண்டுமா?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

யாமினிக்கு இருபத்தெட்டு வயது. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அதாவது, குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ரஹாங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் காரில் போய் எட்டு மணி நேரம் குறை கண்டுபிடித்துவிட்டு, திரும்பி வந்து என் சாம்பாரில் ஓவர்டைம் பார்ப்பாள்.

வாரக் கடைசியில் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. கன்சோல் கேம் விமர்சனம். டிவியோடு ஒரு பெட்டியை இணைத்து, கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு விளையாடுவார்களே, அந்தக் கேம்கள்தான். விளையாடிப் பார்த்து, நல்லது கெட்டது பேசி, கடைசியில் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு இணையத்தில் வீடியோவாக ஏற்றுவாள். எல்லாம் தமிழில்.

'கல்யாண வயதுப் பெண்ணுக்கு வீடியோ கேம் எதற்கு' என்று கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். "நீங்க சீரியல் பாக்குற மாதிரிதாம்மா. என்ன, இதுல கதாநாயகி எப்ப அழணும்னு நான் முடிவு பண்ணுவேன்" என்றாள்.

அவள் வேலை செய்யும் முறையே தனி. ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். முதல் கட்டத்திலிருந்து கடைசி வரை, ஒன்றையும் தாண்டாமல் விளையாடுவாள். எங்கே சிரித்தாள், எங்கே கொட்டாவி விட்டாள், எங்கே கதாநாயகன் சுவருக்குள் புகுந்து காணாமல் போனான், எல்லாம் நோட்டில் ஏறும். இதுவரை ஒன்பதுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை. 'பத்து யாருக்குடி வச்சிருக்க' என்று ஒருமுறை கேட்டேன். இன்னும் யாரும் செய்யவில்லை என்றாள்.

தினேஷும் அவளும் பழகியதே ஒரு மார்க்கால்தான். ஏதோ ஒரு கால்பந்து கேமுக்கு யாமினி ஐந்து போட, அதைக் கண்டித்து இவர் ஒரு முழம் எழுத, அவள் இரண்டு முழம் பதில் எழுத, ஒரு மாதம் பொதுவெளியில் சண்டை. பிறகு தே தாரேக், அதாவது இழுத்து ஆற்றிய டீ, குடித்துக்கொண்டே நேரில் சண்டை. பிறகு எங்கள் வீட்டுக்குத் தகவல் வந்தது. இந்தக் காலத்தில் ஜாதகப் பொருத்தம் இப்படித்தான் பார்க்கிறார்கள் போல.

இந்த மார்க் உலகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானும் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் மார்க் போட்டவள்தான். எனக்கே தலை சுற்றியது.

பள்ளியில் பூஜ்ஜியத்தில் தொடங்கும். கேம் உலகில் ஏழில் தொடங்குகிறது! ஒன்பது போட்டால் நல்ல கேம். எட்டு போட்டால், 'மலிவு விலையில் வரட்டும், பார்க்கலாம்'. ஏழு போட்டால் அது இரங்கல் செய்தி. அதற்குக் கீழே ஆறு எண்கள் சும்மா கிடக்கின்றன. ஹால் ஷோகேஸில் அடுக்கி வைத்த பீங்கான் கோப்பைகள் மாதிரி, இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஏன் இப்படி? யாமினி விளக்கினாள். பெரிய கேம் என்றால் கடைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே விமர்சகர்களுக்கு அனுப்பிவிடுவார்களாம். கூடவே ஒரு நிபந்தனை: இன்ன தேதி, இன்ன மணிக்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. அறுபது மணி நேரக் கேமை ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும். சிலர் முடிப்பார்கள். சிலர் பாதி விளையாடி முழுசாக எழுதுவார்கள். மார்க் ரொம்பக் குறைந்தால் அடுத்த கேம் அனுப்புவார்களோ மாட்டார்களோ என்ற பயம் ஒரு பக்கம். ரசிகர்கள் இன்னொரு பக்கம். கேம் இன்னும் கடைக்கே வந்திருக்காது, 'என் கேமுக்கு எப்படி நீ எட்டு போடலாம்' என்று விமர்சகரின் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள்.

இது போதாதென்று எல்லா விமர்சகர்களின் மார்க்கையும் கூட்டி வகுத்து ஒரே எண்ணாகத் தரும் இணையத்தளங்கள் வேறு. மக்கள் அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். யாமினி இருபது நிமிடம் தொண்டை வறளப் பேசுவாள். பார்ப்பவர்கள் நேராகக் கடைசி ஐந்து விநாடிக்குப் போய், மார்க்கைப் பார்த்துவிட்டு, திட்டிவிட்டுப் போவார்கள்.

யாமினியின் கணக்கு வேறு. அவளுக்கு ஐந்துதான் நடு. ஐந்து என்றால் சுமார். ஆறு என்றால் விளையாடலாம். ஆறரை என்றால் நல்ல கேம், குறைகள் உண்டு. ஒவ்வொரு வீடியோவிலும் இதைச் சொல்கிறாள். யார் கேட்கிறார்கள்?

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்னவாம்? நம்மிடையே இதுவரை ஒரு சுமாரான புத்தகமாவது வெளியீடு கண்டிருக்கிறதா? அத்தனையும் மைல்கல். அத்தனையும் காலத்தின் தேவை. நானே எத்தனை அணிந்துரை எழுதியிருக்கிறேன்! ரகசியத்தைச் சொல்லட்டுமா... முதல் பக்கம் படிப்பேன், கடைசிப் பக்கம் படிப்பேன், பின்னட்டையில் இருக்கும் ஆசிரியர் படத்தைப் பார்ப்பேன். முகம் சாந்தமாக இருந்தால் 'ஆழமான நடை'. மீசை இருந்தால் 'வீரியமான நடை'. கால் மணி நேரத்தில் இரண்டு பக்கம் தயார். எந்த ஆசிரியரும் இதுவரை குறை சொன்னதில்லை.

இனி தினேஷின் கேமுக்கு வருகிறேன்.

பெயர் 'எட்டாங்கட்டை', அதாவது எட்டாவது மைல். கதாநாயகன் ஒரு மண்டோர். தோட்டத்தில் ஆட்களை மேய்த்து வேலை வாங்குவாரே, அவர்தான். ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் செம்பனைக் காட்டைச் சுற்றி வர வேண்டும். காட்டுப் பன்றி வரும். பழத் திருடன் வருவான். வெள்ளம் வரும். எல்லாவற்றையும் சமாளித்தால் ஆபீஸ் கணக்கரான கிராணி வந்து கத்துவார். என்ன அருமையான யோசனை, சொல்லுங்கள்! இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, இரண்டு நண்பர்களோடு தோட்டத்து வீட்டின் முன்னறையில் நான்கு வருடம் உட்கார்ந்து செய்தார் அந்தப் பிள்ளை.

இரண்டு வாரம் முன்பு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வெளியீடு. கோயில் தலைவர் தினேஷுக்குப் பொன்னாடை போர்த்தினார். அதோடு நின்றாரா? உணர்ச்சி வேகத்தில் கேம் ஓடிக்கொண்டிருந்த டிவிக்கும் ஒன்று போர்த்தினார். திரை மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் எல்லாரும் கேமைப் புகழ்ந்தார்கள். பொன்னாடையை ஒருவரும் எடுக்கவில்லை. பின்னால் கேம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

மேடையில் ஒரு பெரிய போஸ்டர். அதில் என் படம். படத்துக்குக் கீழே நான் எழுதிக் கொடுத்த வரி: 'இறுதிக் காட்சியில் கண் கலங்கிவிட்டேன்.'

யாமினி விமர்சனம் செய்ய மறுத்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நீங்க செஞ்சதுக்கு நான் மார்க் போட்டா நியாயமா இருக்காது" என்று தினேஷிடம் சொன்னாள். அவர் விடவில்லை. "நீ போடலன்னாதான் தப்பா நெனைப்பாங்க. யாருக்கும் பேசுற மாதிரியே பேசு. முன்னாடியே எங்கிட்ட ஒன்னும் சொல்லாத, எல்லாரும் பாக்குறப்ப நானும் பாத்துக்குறேன்" என்றார். அவளும் வீடியோவின் முதல் வரியிலேயே 'இதைச் செய்தவரைத்தான் நான் கட்டிக்கொள்ளப் போகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்' என்று உடைத்துச் சொல்லித்தான் தொடங்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. நான் லைக் போட்டேன். பார்க்கவில்லை. எப்போதும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தினேஷின் கார் வந்து நின்றது.

எப்போது வந்தாலும் மரவள்ளிக் கிழங்கோ வாழைத் தாரோ இல்லாமல் சரோஜாக்கா வர மாட்டார். அன்றைக்கு வெறும் கை. என் வீட்டுக்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு, முடி வெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி நழுவினார். அவர் தலையில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

தே கலக்கிக் கொடுத்தேன். கறிபாப் பலகாரம் வைத்தேன். யாரும் தொடவில்லை. தினேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாமினி எதிரே.

"பாரும்மா, நான் படிக்காதவ. சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. ஒம்போது போடு" என்றார் சரோஜாக்கா.

"முடியாது ஆன்ட்டி."

"சரி, எட்டரை."

"ஆன்ட்டி, பேரம் பேச இது பாசார் மீன் இல்ல."

"எட்டு! எட்டுக்குக் கீழ நான் எறங்க மாட்டேன் லா!"

எனக்குப் பொறுக்கவில்லை. "போட்டுத் தொலையேன்டி! ஒன்னரை மார்க்குல ஒனக்கு என்ன கொறஞ்சு போவப் போவுது? நான் எத்தனை பிள்ளைங்களுக்குக் கூட்டிப் போட்டுப் பாஸாக்கி இருக்கேன்!"

"தெரியும்மா. அதுல ஒருத்தன் என் பேக்டரியிலதான் இருக்கான். இன்னும் என்னைக் கேட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுறான்."

பெற்ற வயிறு இப்படியெல்லாம் அனுபவிக்க வேண்டும்.

சரோஜாக்காவின் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "நாலு வருசம் டீச்சர். அவங்கப்பா போன பொறவு நான் ஒத்த ஆளா வளத்த புள்ள. வேலைய வுட்டுட்டு வீட்டுல ஒக்காந்தப்ப ஊர்ல என்னா பேசுனாங்க தெரியுமா? 'ஒம்மவன் என்னா, வீட்டுல டிவி பாக்குறானா'ன்னு கேட்டாங்க. நான் காட்டுல உதிரிப் பழம் பொறுக்கிக்கிட்டே சொன்னேன், 'பெருசா ஒன்னு செய்றான், பாருங்க'ன்னு. இப்ப அவங்க முன்னாடி போயி என்னா சொல்றது? என் வீட்டுக்கு வரப்போறவளே அவனக் கொறைச்சுப்புட்டான்னா சொல்றது?"

முந்தானையால் மூக்கைத் துடைத்தார். கோபத்தோடு வந்தவரை எப்படியும் சமாளிக்கலாம். அழுகிறவரை என்ன செய்வது? யாமினிக்கும் கண் சிவந்துவிட்டது. ஆனால் அசையவில்லை, அழுத்தக்காரி. எழுந்து போய் அந்தத் தடித்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஆன்ட்டி, வீடியோவ முழுசாப் பாத்தீங்களா?"

"கடைசியில மார்க்க மட்டும்தான் பாத்தேன்."

"கேம வெளையாடிப் பாத்தீங்களா?"

"பெத்தவளுக்கு வெளையாடிப் பாத்துத்தான் தெரியணுமா?"

யாமினி தினேஷ் பக்கம் திரும்பினாள். "நீங்க? வீடியோ பாத்தீங்கதானே?"

அவர் நெளிந்தார். "ஆறரைன்னு பாத்தேன்... மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. மூடிட்டேன்."

என்னிடம் அவள் கேட்கவே இல்லை. தெரியும்.

நோட்டைப் பிரித்தாள். "முப்பத்தாறு மணி நேரம் வெளையாடியிருக்கேன். மழை வர்ற காட்சிக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கேன், அவ்வளவு அழகு. ஓலையில மழை விழுற சத்தம் அப்படியே இருக்கு. கிராணி பேசுற பேச்சுக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அதெல்லாம் வீடியோவுல சொல்லியிருக்கேன்." பக்கத்தைத் திருப்பினாள். "மோட்டார் திரும்புறதே இல்ல. பன்னி ஒரே மாதிரி வருது. அப்புறம் கடைசிக் கட்டம்... ஆத்துப் பாலம். பாலத்துல மோட்டார் ஏறுனதும் கேம் அப்படியே நின்னுடுது. மூனு தடவை முதல்ல இருந்து வந்து பாத்தேன். மூனு தடவையும் நின்னுச்சு. முடிவை நான் பாக்கவே இல்ல. யாராலயும் பாக்க முடியாது. அதுக்குத்தான் ஒரு மார்க் போச்சு."

தினேஷ் தலையை நிமிர்த்தினார். "நிக்குதா? நாங்க டெஸ்ட் பண்ணோமே! நல்லா ஓடுச்சே!"

"எப்படிப் பண்ணீங்க?"

"நேரா கடைசிக் கட்டத்தத் தொறந்து..."

"அதான். மொதல்ல இருந்து ஒழுங்கா வெளையாடி, எல்லாச் சாமானையும் சேத்துக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் நிக்குது."

தினேஷ் கைப்பேசியை எடுத்தார். விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வாரமா மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. 'முடிவு சூப்பர் மச்சான்.' 'கிளைமாக்ஸ் வேற லெவல்.' 'கடைசி சீன்ல அசத்திட்ட'..." நிறுத்தினார். மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஆன்ட்டி... கண் கலங்கிட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களே. எதைப் பாத்து?"

வாசகர்களே, நான் எத்தனை மேடை ஏறியவள். எத்தனை பேரைப் பேசி மடக்கியவள். அந்த நிமிடம் வாசலில் யாராவது வந்து மணி அடிக்க மாட்டார்களா என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையில் வழக்கமாக வரும் நன்கொடை கேட்பவர்கள்கூட அன்றைக்கு வரவில்லை.

"வெளையாடலப்பா."

"கொஞ்சம்கூடவா?"

"பெட்டியவே தொடல."

அந்தப் பெட்டி என் வீட்டு ஹாலில்தான் இருக்கிறது. நான் உட்கார்ந்து இதை எழுதும் நாற்காலியிலிருந்து பத்தடி. பத்தடி நடக்காமல் கண் கலங்கியவள் நான். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது. என் அணிந்துரையை நம்பிப் புத்தகம் வாங்கியவர்களிடம் இந்த இடத்திலேயே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

தினேஷ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அம்மாவிடம் திரும்பினார்.

"அம்மா, எல்லாரும் பத்துக்குப் பத்து போட்டாங்க. ஒருத்தரும் வெளையாடல. இவ ஒருத்திதான்மா அந்தப் பாலம் வரைக்கும் வந்திருக்கா. மூனு தடவை வந்திருக்கா."

சரோஜாக்கா மகனைப் பார்த்தார். யாமினியைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அது என்னா, அந்தக் கைப்பிடி... கொண்டா இங்க."

கன்ட்ரோலரைக் கொடுத்தார்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று யாமினி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். மண்டோர் மோட்டாரில் கிளம்பினார். அரை நிமிடத்தில் நேராகப் பாரிட்டுக்குள் இறங்கினார் — தோட்டத்தில் ஓடும் வடிகால்தான் பாரிட். எடுத்துவிட்டார்கள். மறுபடியும் பாரிட்.

"என்னாடா மோட்டாரு இது, திரும்பவே மாட்டேங்குது?"

"ஏழாம் பக்கம் ஆன்ட்டி" என்றாள் யாமினி.

கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. பழகியதுதான் தாமதம்! சரோஜாக்கா முப்பது வருடம் அந்தக் காட்டில் வேலை பார்த்தவர். சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார்.

"வெட்டுன மட்டைய இப்படியா வழியில போடுவாங்க? வண்டி எப்படிப் போவும்? வரிசைக்கு நடுவுல அடுக்கணும்டா! இந்தப் பழத்தப் பாரு, பச்சையா இருக்கு, அதப் போயி வெட்டுறான். கிராணி சும்மா வுடுவானா? பன்னி எங்கயாச்சும் பட்டப்பகல்ல வந்து நிக்குமா? ஒனக்கு யாருடா சொன்னது?"

சரோஜாக்கா மண்டோரை ஒரு மரத்தடியில் நிறுத்தினார். திரையை உற்றுப் பார்த்தார். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"உதிரிப் பழம் கீழ கெடக்கு. பொறுக்குற ஆளு எங்க?"

தினேஷ் திரையை எட்டிப் பார்த்தார்.

"மண்டோரு இருக்கான். கிராணி இருக்கான். திருடன்கூட இருக்கான். நாங்கெல்லாம் எங்கடா?"

தினேஷின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பழத்தைப் பொறுக்கித்தான் அவரைப் படிக்க வைத்தார் அந்த அம்மா. நான்கு வருடம் மகன் முன்னறையில் உட்கார்ந்து கேமில் தோட்டத்தைச் செய்துகொண்டிருந்தபோது, சாக்கும் வாளியும் எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனார். அம்மாவைக் கேமில் வைக்க ஒரு நாள்கூட அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை.

யாமினி நோட்டில் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தாள். "அதையும் எழுதியிருக்கேன் ஆன்ட்டி. 'பொம்பளைங்க யாருமே இல்ல.' அதுக்கு அரை மார்க் கொறைச்சேன். வீடியோவுலயும் சொன்னேன்."

"அரைதானா?" சரோஜாக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா இருந்தா ரெண்டு கொறைச்சிருப்பேன். ஆறரை எதுக்குடி போட்ட? ரொம்பத் தாராளம்! நாலு. நாலுக்கு மேல இதுக்குக் கெடையாது."

"அம்மா!" என்றார் தினேஷ்.

"என்னா அம்மா? வெளையாடிட்டுத்தானே சொல்றேன்!"

அதற்குப் பிறகுதான் யாரோ முதலில் சிரித்தார்கள். தினேஷாகத்தான் இருக்க வேண்டும். பாலத்தைச் சரி செய்துவிட்டு, பழம் பொறுக்கும் ஆட்களோடு அடுத்த பதிப்பைக் கொண்டுவருவதாகச் சொன்னார். நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புது வீடியோ போடுவாயா என்று யாமினியைக் கேட்டார். விளையாடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள், எதற்கும் பிடி கொடுக்காமல்.

ஆறிப்போன கறிபாப் தட்டு காலியானது. எல்லாம் சரி, பரிசம்? அதை யாரும் எடுக்கவில்லை. எனக்குக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கிளம்புகிற நேரத்தில் சரோஜாக்கா தினேஷிடம் காரைத் திறக்கச் சொன்னார். பின் சீட்டிலிருந்து ஒரு பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே வந்தார்.

"பரிசத்துக்கு எடுத்த சேலை" என்றார். அவர் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "சிரம்பான் கடையிலதான் எடுத்தது. இன்னைக்குப் பேச்சு முறிஞ்சா போற வழியில திருப்பிக் குடுத்துடலாம்னு வண்டியில வச்சிருந்தேன்."

யாமினியின் கையில் கொடுத்தார்.

"எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு."

"அய்யோ, என்ன அழகு சரோஜாக்கா!" என்றேன் நான். சேலை இன்னும் பைக்குள்தான் இருந்தது.

யாமினி என்னைக் கண்டுகொள்ளவில்லை. சேலையை வெளியே எடுத்து முழுசாகப் பிரித்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கரையை விரலால் தேய்த்தாள். திருப்பிப் போட்டு நூல் பார்த்தாள். எனக்கு உயிரே இல்லை. அடியே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொய் சொல்லக் கூடாதா?

"ஆன்ட்டி... அஞ்சு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சரோஜாக்கா பெருமூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"எனக்கும் அந்தக் கலரு ஒத்துக்கவே இல்ல லா. கடைக்காரப் பையன் அழகு அழகுன்னான், எடுத்துட்டேன். செருப்பப் போட்டுக்கிட்டு வண்டியில ஏறு, கடை தொறந்துதான் இருக்கும்."

சேலை மாறியது. தேதி மாறவில்லை.